நிழலக்கா திருப்பிப் பிடித்த படம்

முப்பத்திரண்டு வருடம் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்தியும், தன் மனைவி ஆபீசில் என்ன வேலை பார்த்தாள் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. யாராவது கேட்டால், "ஃபைல் பாக்கிற வேலை" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். அவர் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரில் உள்ள சந்து பொந்தெல்லாம் அவருக்கு அத்துபடி. வீட்டுக்குள் இருந்த இந்த ஒரு சந்தில் மட்டும் அவர் நுழைந்ததில்லை. நுழையப் பார்த்ததும் இல்லை, அது அவருடைய பெருந்தன்மை.

அவள் பார்த்தது ஃபைல் அல்ல, படம். விமானத்திலிருந்தும் செயற்கைக்கோளிலிருந்தும் எடுத்த படங்கள். ராணுவ உளவுப் பிரிவின் மூன்றாவது மாடியில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையின் மேல் குனிந்து குனிந்தே அவளுக்குக் கழுத்தெலும்பு தேய்ந்தது. ஒரு கொட்டகையின் நிழலை அளந்து அதன் உயரத்தைச் சொல்வாள். கம்பத்தின் நிழலைப் பார்த்துப் படம் எத்தனை மணிக்கு எடுத்தது என்று சொல்வாள். அதனால் ஆபீசில் அவளுக்கு நிழலக்கா என்றே பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்த அதிகாரிகள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் பெயரை அவர்கள் மறந்தே போயிருப்பார்கள்.

அந்த அறையில் சட்டம் இரண்டே இரண்டு. ஒன்று, படத்தைக் கையில் எடுத்ததும் நிழல் உன் வயிற்றைப் பார்த்து விழும்படி திருப்பி வை. நிழல் எதிர்ப்பக்கம் விழுந்தால் கண் ஏமாறும். மேடு குழியாகத் தெரியும், குழி மேடாகத் தெரியும். எப்பேர்ப்பட்ட கொம்பனும் இதற்குத் தப்ப முடியாது. இரண்டு, எழுதுகிற ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் மூன்று சொற்களில் ஒன்றைப் போடு: உறுதி, இருக்கலாம், தெரியாது. நான்காவது சொல் கிடையாது.

முதல் சட்டத்தை அவள் பட்டுத்தான் தெரிந்துகொண்டாள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், அவசரத்தில் படத்தைத் திருப்பாமலே பார்த்து, வெறும் கல்குவாரிப் பள்ளங்களை மண்ணால் எழுப்பிய அரண்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அதை நம்பிப் போன ரோந்துக் குழு ஆளில்லாத பள்ளத்தைச் சுற்றி வளைத்துவிட்டுத் திரும்பியது. வரும் வழியில் வண்டி கவிழ்ந்து ஒருவனுக்குக் கால் போயிற்று. ஆபீஸ் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அவளேதான் ஓய்வு பெறும் வரை தன்னைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாதுகாப்பு அமைச்சர் தொலைக்காட்சியில் வந்தார். பக்கத்து நாட்டுக்காரன் ஒன்பது மண்மேடுகளுக்கு அடியில் ஏவுகணைகளைப் பதுக்கி வைத்திருக்கிறான், இதோ படம், இதில் சந்தேகமே இல்லை என்றார். வெள்ளிக்கிழமை சபையில் போருக்கு ஓட்டெடுப்பு. நிழலக்காவின் ஒரே மகன் எல்லை முகாமில் ராணுவ லாரி ஓட்டுகிறவன். ஓட்டெடுப்பு முடிந்த மறுநாள், சனிக்கிழமை, கிளம்பத் தயாராக இருக்கும்படி அவன் படைக்கு உத்தரவு வந்திருந்தது.

திங்கட்கிழமைப் பேப்பரில் அந்தப் படம் ஒரு முழுப்பக்கத்துக்கு வந்தது. சாப்பாட்டு மேசையில் விரித்தாள். பழக்க தோஷம், கை தானாகவே பக்கத்தைத் திருப்பியது. ஒன்பது மேடும் ஒரே நொடியில் உள்ளே இறங்கி ஒன்பது குழியாயின.

"அடப்பாவிகளா!" என்று வாய்விட்டே கத்தினாள்.

கணவர் ஓடி வந்தார். "என்ன, மறுபடியும் கழுத்துப் பிடிச்சுக்கிச்சா?"

"இது குழிங்க. ஒன்பதும் குழி."

"எனக்கு மேடாத்தானே தெரியுது?"

"தலைகீழாத் திருப்பிப் பாருங்க."

திருப்பினார். மறுபடி நேராக்கினார். மறுபடி திருப்பினார். "ஏய், என்னடி இது கண்கட்டு வித்தையா இருக்கு!"

"வித்தையும் இல்ல, மந்திரமும் இல்ல. இந்த விளக்குக் கம்பத்தைப் பாருங்க. நிழல் வடக்கே விழுது. அப்ப வெயில் தெற்கே இருந்து வருது. மேடா இருந்தா இருட்டும் வடக்குப் பக்கம்தானே இருக்கணும்? இங்க ஒன்பதுலயும் இருட்டு தெற்கே இருக்கு."

அவர் சமையலறைக்குப் போய் இரண்டு கிண்ணங்களை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். ஒன்றைக் கவிழ்த்தும் ஒன்றை நிமிர்த்தியும் வெயிலில் வைத்துவிட்டு, வழுக்கைத் தலை சுடச்சுடச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கீழே வந்து கிண்ணங்களை மேசையில் வைத்தார்.

"நீ சொல்றது சரிதான். கவுத்து வெச்சதுக்கு வெயிலுக்கு அந்தப் பக்கம் இருட்டு. நிமித்தி வெச்சதுக்கு உள்ளே வெயில் பக்கமே இருட்டு." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார்: "இதைத்தான் இத்தனை வருஷமா பாத்தியா?"

"இதைத்தான்."

"நல்ல வேலைடி" என்றார் அவர். ஓய்வு பெற்ற அன்று போட்ட மாலையில்கூட அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

அன்றே தன் இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் போன் செய்தாள். "அக்கா, என்னால எதுவும் பேச முடியாது. நீங்க எப்பவும் எப்படிப் பாப்பீங்களோ, அப்படியே பாருங்க" என்று வைத்துவிட்டாள். புத்திசாலிப் பெண். மேசையில் சரியாக இருந்த படம் மேலே போகிற வழியில்தான் திரும்பியிருக்கிறது என்று நிழலக்காவுக்குப் புரிந்தது.

அவள் போனில் விஷயத்தைச் சொல்லியிருந்ததால், சாயங்காலம் அதே ஆபீசில் வேலை பார்த்த காது வந்தார். இருபத்தெட்டு வருடம் ஹெட்போன் மாட்டி எதிரியின் ரேடியோவை ஒட்டுக் கேட்டவர், அதனால் அந்தப் பெயர். இப்போது அவருக்கே ஒரு காது சரியாகக் கேட்காது.

"கண்ணும் காதும் சேந்தாச்சு. இனிமே தீர விசாரிக்க வேண்டியதுதான் பாக்கி" என்று கணவர் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

காது கையோடு பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதி எடுத்து வந்திருந்தார். "சந்தேகமே இல்லைன்னு அமைச்சர் சொன்னாரே, கவனிச்சீங்களா அக்கா? நம்ம ஆபீஸ்ல அப்படி ஒரு வார்த்தையே கிடையாதே! அது மேசையில எழுதினதில்ல, மேடையில எழுதினது."

கடிதத்தைப் படித்த நிழலக்கா ஒரு வரியில் விரலை வைத்தாள். "செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழிகள்னு எழுதியிருக்கீங்க."

"பக்கத்துல புகைபோக்கி நிக்குதே. வேற என்னவா இருக்கும்?"

"குழிங்கிறது உறுதி. சூளைங்கிறது இருக்கலாம். குழிக்குள்ள என்ன இருக்குன்னா, தெரியாது. அப்படியே எழுதுங்க."

"ஊரையே ஏமாத்துறவனோட மல்லுக்கு நிக்கிறோம். இதுல பாதிப் பாதியா சொன்னா எவன் நம்புவான்?"

"நாமளும் ஒரு பிடி சேத்துச் சொன்னா அவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள். காது முணுமுணுத்தபடியே திருத்தி எழுதினார். ஓய்வு பெற்ற ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஆயுள் முழுக்க வாய் திறக்கமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தவர்கள்தான் ஐந்து பேரும். ஆனால் சர்க்காரே பேப்பரில் போட்ட படத்தைப் பற்றிப் பேச எவன் அனுமதி வேண்டும்?

மகனிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை கூப்பிட்டாள். அவன் கொதித்துப் போனான்.

"வேணாம்மா. இங்க எல்லாரும் டிவி பாக்கிறாங்க. பையன் பயந்துபோய் அம்மாவைப் பேச வெச்சுட்டான்னு சொல்வாங்க. நான் எப்படி அவங்க முகத்துல முழிக்கிறது?"

"குழியை மேடுன்னு நம்பி உன்னை அனுப்பிட்டு நான் எப்படிடா உன் முகத்துல முழிக்கிறது?"

அவன் போனை வைத்துவிட்டான். அவள் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள். பெற்ற பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் எந்தத் தாய்க்குத் தாங்கும்? ஆனால் கடிதத்திலிருந்து கையெழுத்தை எடுக்கச் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை, பத்திரிகையாளர் சங்கக் கட்டடத்தின் மாடி அறை. மின்விசிறி கடகடவென்று சுற்றியது. நிழலக்கா முன்னுரை எதுவும் சொல்லவில்லை. "எல்லாரும் திங்கட்கிழமைப் பேப்பர் வெச்சிருக்கீங்களா? படத்தைத் தலைகீழாத் திருப்புங்க" என்றாள்.

முப்பது பேப்பர்கள் சலசலத்தன. பிறகு பின்வரிசையில் யாரோ, "அடேங்கப்பா!" என்றார். அதற்குப் பிறகு கம்பத்து நிழலை அவள் விளக்க விளக்க, எல்லார் விரலும் பேப்பரில் நகர்ந்தது.

"அப்ப அங்க ஏவுகணையே இல்லைன்னு சொல்றீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"அது தெரியாது. தெரியாததைத் தெரியும்னு நான் சொல்ல மாட்டேன், அமைச்சரும் சொல்லக் கூடாது. ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொல்வாங்க. இவங்க ஆழம் இருக்கிறதே தெரியாம காலை விடப் பாக்கிறாங்க."

அறை சிரிப்பில் அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்த நிருபர் சிரிக்கவில்லை. "உங்க மகன் எல்லையில இருக்கார். அவரைக் காப்பாத்தத்தானே இவ்வளவும்?"

காது பதறிப்போய் எழுந்தார். நிழலக்கா கையைக் காட்டி அவரை உட்கார வைத்தாள்.

"ஆமா, இருக்கான். அவன் இல்லாட்டி ரெண்டு தடவை அளந்திருப்பேன். இருக்கிறதால நாலு தடவை அளந்தேன். நாலு தடவையும் குழிதான். அவன் நான் பெத்த பிள்ளைங்கிறதுக்காக மேடு குழியாகாது, அவர் மந்திரிங்கிறதுக்காகக் குழி மேடாகாது. வேற கேள்வி இருக்கா?"

முன்வரிசை நிருபர் பேனாவை மூடினார்.

வியாழக்கிழமை அமைச்சகம் வழவழா கொழகொழா என்று ஓர் அறிக்கை விட்டது. ஓய்வு பெற்றவர்களுக்கு வயதாகிவிட்டது, பார்வை மங்கிவிட்டது, அந்தப் படம் பல ஆதாரங்களில் ஒன்று மட்டுமே என்றது. கம்பத்து நிழலைப் பற்றி மூச்சு விடவில்லை. வீட்டு மதில்சுவரில் எவனோ கறுப்பு பெயின்ட்டில் 'துரோகி' என்று எழுதிவிட்டுப் போயிருந்தான். கணவர் பரணில் கிடந்த பச்சை பெயின்ட்டை எடுத்து, விசில் அடித்துக்கொண்டே சுவர் முழுக்கப் பூசிவிட்டார். ரொம்ப நாளாகச் செய்ய நினைத்த வேலையாம். எதிர்வீட்டு அம்மாள் பேச்சை நிறுத்திக்கொண்டாள், அது பெரிய நஷ்டமில்லை.

வெள்ளிக்கிழமை சபையில் ஒரு கிழ உறுப்பினர் எழுந்தார். பேசவே இல்லை. பேப்பரைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆளுங்கட்சி வரிசையிலும் தலைகள் சாய்ந்து சாய்ந்து பார்த்ததைத் தொலைக்காட்சி காட்டியது. மூலப்படத்தைக் கொண்டுவந்து காட்டும்வரை ஓட்டெடுப்பு இல்லை என்று தள்ளி வைத்தார்கள். கிளம்பும் உத்தரவும் நின்றது. போரே நின்றுவிட்டதா என்றால், நிழலக்காவின் கணக்குப்படி அது இன்னும் 'இருக்கலாம்' தான்.

காது இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். அவள் தொடவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து மகன் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் அடித்தது.

"அம்மா." அவன் தொண்டையைச் செருமினான். "இங்க நோட்டீஸ் போர்டுல அந்தப் படத்தை ஒட்டியிருந்தாங்க. புதன்கிழமை மத்தியானத்துக்கு மேல பாத்தா, யாரோ அதைத் தலைகீழா மாத்திட்டாங்க. ஆபீசர் வந்து நேராக்கினார். சாயங்காலம் மறுபடி தலைகீழ். தினமும் இதே கூத்து."

"யாருடா பண்றது?"

"புதன்கிழமை யாருன்னு தெரியாது. நேத்து பண்ணினது சமையல்காரரா இருக்கலாம்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு நான்தாம்மா" என்றான். "அது உறுதி."