திருப்பி வெட்டுகிறவர்

பழைய சட்டையொன்றின் தோள்மூட்டைப் பிரித்தபடியே, அதை முதலில் தைத்தவனைத் திட்டிக்கொண்டிருக்கிறார் அபூதாஹிர். "ஆரு இவன்? மனுசனுக்குத் தைச்சானா, மரத்துக்குத் தைச்சானா?" அந்தத் தையல்காரன் யாரென்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் சட்டை பிரிந்து முடியும்வரை திட்டு ஓயாது.

திருகோணமலைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தையல் மிசினும் உட்கார ஒரு கதிரையும் மட்டுமே கொள்ளும் கடை அவருடையது. சண்டை தொடங்கிய பிறகு புதுத்துணி கொண்டுவருபவர் குறைவு. அகதிமுகாமில் கிடைத்த வெள்ளைக்காரரின் கால்சட்டை, அக்காவிடமிருந்து தங்கைக்கு இறங்கிய பாவாடை, இவைதான் வரும். பழையதைப் பிரித்து வேறு உடம்புக்கு அளவாக்கும் இந்த வேலைக்கு மற்றக் கடைகளில் 'ஓல்டர்' என்று பெயர். அபூதாஹிருக்கு அந்தச் சொல் பிடிக்காது. "திருப்பி வெட்டுறது எண்டு சொல்லுங்க. முதல்ல வெட்டினவனுக்கு முழுத்துணி இருந்திச்சு. எனக்கு அவன் மிச்சம் வெச்சதுதான்."

போன மாரியில் சாம்பல்தீவிலிருந்து கமலேஸ்வரி ஒரு பை நிறையச் சட்டைகளோடு வந்தாள். பின்னால் அவள் கணவர் யோகலிங்கம். பல வருடம் தடுப்புமுகாமில் கிடந்துவிட்டு அந்த வாரம்தான் வெளியே வந்தவர். நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

"எல்லாத்தையும் வெட்டிச் சின்னனாக்கித் தாங்கோ நானா. இவர் மெலிஞ்சு போனார், ஒண்டும் இவருக்கு நிக்குதில்லை." முஸ்லிம் அண்ணன்மாரை அந்தப் பக்கத்தில் 'நானா' என்றுதான் அழைப்பார்கள்.

அளவுநாடாவோடு அபூதாஹிர் நெருங்கியதும் யோகலிங்கம் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். அபூதாஹிர் நாடாவைக் கதிரையில் போட்டுவிட்டு, அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கினார்.

"சட்டைக்கு அளவு தம்பி. வேற ஒண்டுமில்ல."

அளந்து முடித்துக் கத்திரிக்கோலை எடுத்தவர், அதைத் திரும்பக் கீழே வைத்தார். "இதுகள வெட்டமாட்டன் தங்கச்சி. பக்கத்தால உள்ளுக்கு மடிச்சுத் தைச்சுத் தாறன்."

"வெட்டினால்தானே வடிவாயிருக்கும்?"

"இருக்கும். ஆனா இவர் இப்பிடியே இருக்கப்போறாரா? நீங்க சமைச்சுக் குடுக்கமாட்டீங்களா?"

கமலேஸ்வரி முகத்தை அப்பால் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள்.

தைத்த சட்டைகள் இடுப்போரம் தடித்துத்தான் நின்றன. பக்கத்துக் கடை முஹம்மது தம்பி பார்த்துவிட்டு, "திருப்பி வெட்டுற ஆளுக்குக் கை நடுங்குதோ?" என்று கேலி செய்தார். அபூதாஹிர் காதில் விழாதவர்போல மிசினை மிதித்தார்.

சித்திரை பிறக்குமுன் யோகலிங்கம் தனியே வந்து ஒரு சட்டையை நீட்டினார். "நானா, இப்ப இது நெஞ்சிலை இறுக்கிப் பிடிக்குது." அவர் பேசி அபூதாஹிர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அபூதாஹிர் பக்கத்து மடிப்பைப் பிரித்தார். வெளித்துணி வெளுத்துப் போயிருக்க, உள்ளே கிடந்தது மட்டும் நல்ல நீலமாகவே இருந்தது. அதை மிசின் பலகையில் விரித்து, உள்ளங்கையால் நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தார்.