ஏழு வெள்ளைப் புள்ளிகள்

வென்ஸுவுக்கு ஒரு பழக்கம். மெருகு செத்த மரம் எது கண்ணில் பட்டாலும் வலது கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அந்த ஈரத்தை மரத்தின் மேல் மெல்ல அழுத்துவார். சாம்பல் பூத்த பரப்பில் காசு அகலத்துக்கு ஒரு வட்டம் கண் விழிக்கும். உள்ளே தேன் நிறம், அதற்குள் கறுப்பாய் ஓடும் ரேகைகள். மெருகேறினால் மரம் முழுவதும் எப்படி இருக்கும் என்பதை அந்த வட்டம் முன்கூட்டியே சொல்லிவிடும். பத்து எண்ணுவதற்குள் ஈரம் காய்ந்து வட்டம் மூடிக்கொள்ளும். அதுவரை அவர் மூச்சு விடமாட்டார்.

கிளாரிஸ் கொண்டுவந்த மரத்திலும் அப்படித்தான் செய்தார். படுக்கை விரிப்பில் சுற்றி எடுத்துவந்திருந்தாள். அவள் அப்பாவின் பழைய ஆங்கிலக் காரிலிருந்து கழற்றிய வால்நட் மரம். டேஷ்போர்டின் நீளப் பலகை ஒன்று, நான்கு கதவுப் பட்டைகள். அறுபது வருஷத்து மால்டா வெயில் மேல்பூச்சைத் தின்று தீர்த்திருந்தது.

"அப்பாகிட்ட வலேத்தாவுல ஒரு கடையில குடுத்திருக்கேன்னு சொல்லிட்டேன் சித்தப்பா."

"பொய்யா?"

"என் கல்யாணத்துக்கு முன்னாடி ஒரே ஒரு பொய். மரத்தைப் பாத்து அவர் 'நல்லாருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அந்த நிமிஷமே யார் செஞ்சதுன்னு சொல்லிடுவேன். அப்புறம் எப்படி உங்கள கூப்பிடாம இருப்பார்னு பாக்குறேன்."

அவள் அப்பா நர்தூ, வென்ஸுவின் அண்ணன். பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. ஊரில் இரண்டு வாத்தியக் குழுக்கள், சிவப்பு, நீலம்; ஒன்றுக்கொன்று ஆகாது. பிறந்ததிலிருந்து அண்ணன் தம்பி இருவரும் சிவப்பு. ஒரு திருவிழாவுக்கு முந்தின நாள் நீலக் குழுவின் கிளாரினெட்காரர் படுத்துவிட, மனைவியின் தாய்மாமா வந்து கெஞ்ச, வென்ஸு போய் வாசித்துவிட்டார். ஊர்வலம் நர்தூவின் வீட்டைக் கடந்தபோது மாடி ஜன்னல் சாத்தப்பட்டது. அந்தச் சத்தம் மேளத்தையும் மீறிக் கேட்டது. அதன்பின் சிவப்புக் குழுவில் அவருக்கு நாற்காலி இல்லை. நீலத்திலேயே தங்கிவிட்டார்.

கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் லேக்கர்தான் காருக்கு உறுதி. ஆனால் அது இறுகித் தேய்ப்புக்கு வர இரண்டு வாரம் ஆகும். கப்பல் பட்டறையில் அதிகாரிகளின் அறைகளுக்கு மெருகிட்ட நாட்களில் பழகிய அரக்குதான் வழி. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பஞ்சு வைத்த துணிப்பொட்டலத்தில் ஊற்றி, வட்டம் வட்டமாய்த் தடவவேண்டும். சீக்கிரம் காயும். ஆனால் புதுசில் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கினாலும் வெளுத்துவிடும். அந்தக் காரில் சொட்டுத் தண்ணீர் எங்கிருந்து வரப்போகிறது என்று நினைத்தார்.

மனைவி ஜீஸா கராஜ் வாசலில் நின்று கிண்டல் செய்தாள். "சிவப்புக்காரர் காருல நீலக்காரர் எச்சில். உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா காரையே கடல்ல தள்ளிடுவாரு."

"எச்சில்தானே, காஞ்சிடும்."

"பதினோரு வருஷமா எது காஞ்சுது?"

பழைய பூச்சைச் சுரண்டி எடுக்க இரண்டு நாள். உப்புத்தாளை விரலால் தேய்க்காமல் தக்கைக் கட்டையில் சுற்றித் தேய்த்தார். மேலே ஒட்டியிருக்கும் வால்நட் தகடு நகத்தின் கனம்தான், ஓரத்தில் நாலு இழுப்பு கூடினால் அடியிலிருக்கும் வெறும் பலகை வெளியே வந்துவிடும். அந்தக் கண்டம் தாண்டியது. பிறகு அரக்கு, பூச்சுக்கு மேல் பூச்சு. வியாழன் காலையில் பலகை மேசைமேல் கிடந்தபோது, கராஜ் கதவுக்கு வெளியே பறந்த புறா அதற்குள்ளும் பறந்தது. மறுநாள் பத்து மணிக்குக் கிளாரிஸ் வருவாள். சனிக்கிழமை கல்யாணம்.

அன்று பதினோரு மணிக்குப் பங்குத்தந்தை ஆஞ்ஜ்லு வந்தார். கையில் தீர்த்தப் பாத்திரம்.

"வாங்க ஃபாதர். வீடு மந்திரிக்கவா? எங்க தெரு அடுத்த வாரந்தானே?"

"இந்தப் பக்கம் வந்தேன். வந்தவன் சும்மா போவானேன்?"

ஈஸ்டர் கழிந்து வீடு வீடாக மந்திரிக்க வருவது ஊர் வழக்கம். ஒரு மண்வெட்டிக்குக்கூடத் தீர்த்தம் கேட்டு வாங்கும் ஊர் அது. வென்ஸு கையைத் துடைத்துக்கொண்டு சிலுவை போட்டு, கண்ணை மூடித் தலை குனிந்தார். மேசையை நோக்கிக் காலடிகள் போவது கேட்டது. பிறகு மூன்று வீச்சு. தண்ணீர் மரத்தில் விழும் சத்தம் அவருக்குத் தெரியும்.

கண் திறந்தார். பலகைமேல் சொட்டுகள், குண்டு குண்டாய், ஒளியோடு. ஆஞ்ஜ்லு 'பரலோகத்தில் இருக்கிற' என்று தொடங்கிவிட்டார். வென்ஸுவின் உதடுகள் கூடவே அசைந்தன. கண்கள் சொட்டுகளை எண்ணின. ஏழு. ஜெபத்தின் நடுவில் போய்த் துணியால் துடைப்பதா? முடிந்த பிறகும், தெளித்தவர் முன்னாலேயே தீர்த்தத்தைத் துடைத்துப் போடுவதா? சட்டைப் பையிலிருந்த துணியைத் தொட்ட விரல்கள் அங்கேயே நின்றன.

ஆமென்.

"ஃபாதர், காபி போட்டுட்டேன், ஒக்காருங்க!" உள்ளேயிருந்து ஜீஸாவின் குரல்.

ஆஞ்ஜ்லு உட்கார்ந்தார். மேசைக்கு நேர் எதிரே. காபி குடித்தார். பிஸ்கட் தின்றார். கப்பல் பட்டறை மூடியதைப் பற்றிப் பேசினார்.

"நல்ல வேலைப்பா வென்ஸு. யாரோடது?"

"ஒரு... கல்யாணக் கார் ஃபாதர்."

"ஆண்டவர் நிறைக்கட்டும்" என்று இன்னொரு பிஸ்கட் எடுத்தார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை சிரித்தபடி நின்றுவிட்டு வென்ஸு உள்ளே ஓடினார். ஒற்றி எடுத்தார். ஏழு இடத்திலும் பால் தெறித்தது போல வெள்ளைப் புள்ளி.

ஜீஸா எட்டிப் பார்த்தாள். "ஐயோ. நான் வேற காபி காபின்னு..."

"பேசாத."

"திரும்ப முதல்லேருந்து பூசலாமா?"

"ரெண்டு நாள் வேணும். பேசாதன்னேன்ல."

ஒரு வழி இருந்தது. பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, அநேகமாய்க் காயவிட்டு, முத்தம் கொடுப்பதுபோல வீசித் தொடவேண்டும். அரக்கு லேசாய் இளகி, உள்ளே அடைபட்ட ஈரத்தை விட்டுவிடும். கை ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு நொடி நின்றாலும் துணி ஒட்டி, பூச்சைப் பிய்த்துக்கொண்டு வரும். பொட்டலத்தைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். குளிர்ந்தால் ஈரம் அதிகம். காத்திருந்தார். மறுபடி கன்னம். பிறகு வீசினார்.

முதல் புள்ளி மங்கியது, போயிற்று. இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் இடையே பூச்சு ஆற அரை மணி. ஆறாவது மறைந்தபோது கதவுக்கு வெளியே வெயில் எதிர்ச்சுவரில் ஏறியிருந்தது. ஏழாவது, கடிகாரத்துக்காக வெட்டிய ஓட்டையின் ஓரம். துணி அந்த விளிம்பில் இடறியது. கண் இமைக்கும் நேரம்தான். சின்னதாய் ஒரு பிசுக்குச் சத்தம். கையை எடுத்துவிட்டார். பூச்சு சுருங்கி நின்றது, பிய்யவில்லை. இன்னொரு தடவை தொட்டால் மரம் தெரிந்துவிடும்.

துவரம்பருப்பு அளவுக்கு வெள்ளை அங்கேயே இருந்தது. ஓட்டும் ஆளின் கண்ணுக்கு நேரே. அந்தக் காரை நர்தூ வேறு யாரையும் ஓட்ட விடமாட்டார்.

வெள்ளி காலை கிளாரிஸ் பலகையைக் கண்டு கத்தினாள். அவரே விரலை வைத்துப் புள்ளியைக் காட்டினார்.

"இதெல்லாம் யாருக்குத் தெரியும் சித்தப்பா?"

"உங்கப்பனுக்கு."

அன்று மாலை அண்ணனிடமிருந்து போன் வரவில்லை. சனி காலையும் வரவில்லை. வென்ஸு கோட்டும் நீல டையும் போட்டுக்கொண்டு, கோயிலுக்கு எதிரே நீலக் குழுவின் வாசலில் நின்றார். அங்கே நிற்க யார் அழைப்பும் வேண்டாம்.

வெள்ளை ரிப்பன் கட்டிய கார் வந்து நின்றது. கிளாரிஸ் இறங்கினாள். நர்தூ இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டி, சதுக்கம் முழுதும் கேட்க, "வென்ஸு! இங்க வா!" என்றார்.

நாற்பது அடி தூரம். வென்ஸு நடந்தார். சிவப்புக்காரர்கள் படிகளில் பேச்சை நிறுத்தினார்கள்.

"இது என்ன?" நர்தூவின் விரல் கடிகாரத்தின் ஓரத்தில் இருந்தது.

"தண்ணி பட்ட எடம்."

"மழையே இல்லியே, என்ன தண்ணி?"

"தீர்த்தம். ஃபாதர் வந்து தெளிச்சிட்டாரு. தொடைக்க முடியல."

நர்தூவின் காதுகள் சிவந்தன. கட்டைவிரலை நாக்கில் தொட்டு, ஏதோ நினைவு வந்தாற்போல, புள்ளியைத் தொடாமலே விரலைக் கால்சட்டையில் துடைத்தார்.

"அது இருக்கட்டும். எடுக்காத" என்றார். "போட்டோவுக்கு நேரமாச்சு. அந்த நீல டையக் கழட்டிட்டு வா."

"கழட்ட மாட்டேன்."

"கழுத்து உன்னோடது. அப்ப பின் வரிசையில நில்லு."

கிளாரிஸ் அழுதுகொண்டே சிரித்தாள். வென்ஸு பின் வரிசையில் நின்றார். படத்தில் அவர் டை தெரிகிறது, கொஞ்சம்.

செப்டம்பரில்தான் ஆஞ்ஜ்லு சொன்னார். அந்த வியாழன் காலைப் பூசை முடிந்ததும் நர்தூ பின்னறைக்கு வந்தாராம். தம்பியின் கராஜில் என் மகளின் கல்யாணக் காரின் மரம் கிடக்கிறது, போய் மந்திரித்துவிட்டு வாருங்கள், நான் அனுப்பினேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், தண்ணீரைத் தாராளமாகவே தெளியுங்கள் என்றாராம்.