சித்தியின் இடது காது

பெண்களும் போர் விமானம் ஓட்டலாம் என்று அரசாங்கம் அறிவித்த புதிதில், பாவூர்சத்திரத்தில் அதை நிஜமாகவே நம்பியவர்கள் என் சித்தியும் அம்மாவும்தான். சித்தி பொறியியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் கடை வைத்திருந்த தாத்தா அவளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு சண்டைக்குப் போற வேல?" என்று அவர் சொன்னபோது எதிர்த்துப் பேசியது அம்மா. விடியற்காலையில் ஸ்கூட்டரில் பின்னாலேயே போய்ச் சித்தியை ஓட வைத்ததும் அம்மாதான். தக்காளி ஏற்றி வரும் டெம்போக்காரர்கள் வேகத்தைக் குறைத்து இருவரையும் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள்.

சித்தி எழுத்துத் தேர்விலும் நேர்முகத் தேர்விலும் தேறினாள். பெங்களூரில் மருத்துவப் பரிசோதனை மட்டும் பாக்கி. அவ்வளவுதான், தாத்தா கட்சி மாறிவிட்டார். "எம் மவ பிளேன் ஓட்டப் போறா, அண்ணாச்சி. சும்மா பிளேன் இல்ல, குண்டு போடுத பிளேன்." வெண்டைக்காய் விலை கேட்க வந்தவர்களும் இதைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

ஊர்க்கண் பட்டுவிடுமோ என்று அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. சித்தி பெங்களூருக்குக் கிளம்பும் முன் அம்மா எங்கள் இருவரையும் குற்றாலத்துக்கு அழைத்துப் போனாள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. நல்ல சீசன். மெயின் அருவியில் பெண்கள் பக்கம் கால் வைக்க இடமில்லை. சித்தி ஓரத்திலேயே நின்றுகொண்டாள்.

"சளி பிடிச்சா மெடிக்கல்ல சிக்கலாயிரும்க்கா. நான் இங்கனயே நிக்கேன்."

"ஊரு கண்ணு பூரா ஒம் மேலதான் கெடக்கு. ஒரு தடவ தலையக் குடுத்துட்டு வாட்டி, எல்லாம் கழிஞ்சிரும்."

அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். சித்தி சிரித்துக்கொண்டேதான் போனாள். கூட்டம் நெருக்கியதில் அவள் தலை சாய்ந்து, தண்ணீர் மொத்தமும் இடது காதில் விழுந்தது. வெளியே வந்தவள் காதைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா துணி மாற்றப் போயிருந்தாள். துடைத்த துண்டில் கொஞ்சம் ரத்தம் இருந்தது.

"அம்மாட்ட சொல்லாத, என்ன?" என்றாள் சித்தி. அதை எங்களுக்குள் ஒரு விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் வீடு வரும்வரை அவளைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே வந்தேன்.

பெங்களூரில் செவிப்பறை கிழிந்திருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். ஆறினால் மறுபடி வரலாம் என்று கொஞ்சம் அவகாசமும் கொடுத்தார்களாம். கம்ப்யூட்டர் வகுப்பு என்று சொல்லிவிட்டுத் தென்காசியில் ஒரு காது டாக்டரிடம் போய்வந்திருக்கிறாள். காதில் சீழ் வைத்துவிட்டது. அது ஆறுவதற்குள் விண்ணப்பிக்கும் வயது கடந்துவிட்டது. இதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகு, நானாகக் கேட்டபோது அவள் சொன்னது. அன்றைக்கு வீட்டில் சொன்னது வேறு.

"கண்ணுல ஏதோ கொஞ்சம் கொறையாம்க்கா. கண்ணாடி போடுத அளவுக்கு இல்லையாம். ஆனா பைலட்டுக்குப் பத்தாதாம்."

"சித்திக்கு தூரத்துல வார பஸ் போர்டெல்லாம் தெரியுமே" என்று நான் ஆரம்பித்தேன். சித்தி என் கையை அழுத்தினாள்.

தாத்தா சில நாள் கடைக்கே போகவில்லை. படுத்துக்கொண்டே படித்தால் இப்படித்தான் ஆகும் என்று சித்தியைத் திட்டிவிட்டு, அம்மா அடுப்படியில் போய் அழுதாள்.

சித்தி இப்போது தென்காசியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். இடப்பக்கம் நின்று யாராவது பேசினால் முழுதாகத் திரும்பித்தான் கேட்கிறாள். சாரல் விழ ஆரம்பித்தால் அம்மா இன்றும், "அன்னைக்கு அருவில குளிச்சும் கண்ணு கழியலயே" என்பாள். அம்மாவிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

சித்தி பெங்களூரிலிருந்து திரும்பிய அந்த வருடம் முழுக்க அம்மா, கண்ணுக்கு நல்லது என்று முருங்கைக்கீரையை விதவிதமாகச் சமைத்துச் சித்தியின் தட்டில் வைத்தாள். கீரையைக் கண்டாலே எழுந்து ஓடுகிற சித்தி, தலை நிமிராமல் தட்டைக் காலி செய்தாள். அவளுக்குக் கீரை பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.