ஆடி மாதத்துக் கல்யாண மண்டபம்

தொண்ணூற்றாறாம் வருடம், ஆடி மாதம், ஒரு புதன்கிழமை. கும்பகோணத்திலிருந்து திருச்சி வழியாக ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்து, டவுன் பஸ் பிடித்துக் காந்திபுரத்தில் இறங்கியபோது காலை ஏழு மணி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புடவைத் தலைப்பைப் பிடுங்கியது. எங்கள் பக்கம் ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லிக்கொள்வோம். இங்கே நிஜமாகவே பறக்கும் போலிருந்தது. இரண்டு இட்லியும் ஒரு காபியும் ஏழு ரூபாய். காபி நன்றாகவே இருந்தது. கும்பகோணத்துக்காரியான நான் இதை ஒப்புக்கொள்வது லேசுப்பட்ட காரியமல்ல.

ஏழே முக்காலுக்கு மேட்டுப்பாளையம் பஸ். காரமடை இருபத்தாறு கிலோமீட்டர், டிக்கெட் நாலரை ரூபாய். மண்டபத்தின் பெயரைச் சொல்லி, எங்கே இறங்க வேண்டும் என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"காரமடைக்கு ஒரு ஸ்டாப் முன்னாடிங்க. என்ன விசேசமுங்க அம்மணி?"

"சொந்தக்காரங்க கல்யாணம்" என்றேன்.

"ஆடி மாசத்துலீங்களா?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

எனக்கு முகம் சுட்டது. இருபது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுப்பவளுக்கு ஒழுங்காக ஒரு பொய் சொல்ல வரவில்லை. பழக்கம் இல்லாமல் இல்லை. என் தம்பி சேகர் குடிக்க ஆரம்பித்து ஆறு வருடம். ஆறு வருடமாக அவன் வேலை செய்யும் பட்டறைக்கு மஞ்சள் காமாலை என்றும், விஷக் காய்ச்சல் என்றும் சொல்லி வருபவள் நான்தான். அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். இங்கே குடியை நிறுத்த முகாம் நடக்கிறது என்று ஒரு சக ஆசிரியை சொன்னாள். முதலில் நானே பார்த்துவிடுவோம், சரியாக இருந்தால் அவனைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று கிளம்பி வந்திருந்தேன்.

எட்டே முக்கால் மணி. மண்டப வாசலில் "நல்வரவு" வளைவு அப்படியே இருந்தது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் சும்மாதான் கிடக்கும். அதனால் உரிமையாளர் மாதம் முழுவதும் இலவசமாகக் கொடுத்துவிடுகிறாராம். ஆஸ்பத்திரி என்றால் பைத்தியத்துக்கு வைத்தியமா என்று கூசுகிறவர்கள், கல்யாண மண்டபத்துக்கு வெள்ளை வேட்டியோடு வந்து சேர்கிறார்களாம். இந்த யோசனை தோன்றியவருக்கு ஒரு கும்பிடு.

மணமேடையில் டாக்டரின் மேசை. சாப்பாட்டுக் கூடத்தில் இருபது கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு பாய், கூடவே தங்கும் வீட்டுக்காரருக்கு. வாசலில் பூட்டு இல்லை. ஊரில் ஒவ்வொரு தெருவும் முறைவைத்துச் சமைத்து அனுப்புகிறது. அன்றைக்கு எங்கள் பக்கத்து இடியாப்பம் போன்ற சந்தகையும் தேங்காய்ப் பாலும் வந்திருந்தது. அங்கிருந்த ஒருவரையும் யாரும் "குடிகாரன்" என்று சொல்லி நான் கேட்கவில்லை.

முகாமை நடத்தும் நர்ஸ் நிர்மலா எனக்குச் சுற்றிக் காட்டினார். "மொத அஞ்சு நாள் ஒடம்பு தெளியறதுக்குங்க. அப்பறந்தான் இந்த மாத்திரை. இதச் சாப்பிட்டுப்போட்டுக் குடிச்சா உசுருக்கே ஆபத்துங்க. அதச் சொல்லி, சம்மதங் கேட்டுத்தான் குடுப்பமுங்க."

பதினொன்றரை மணி இருக்கும். மாத்திரை சாப்பிடத் தொடங்கியிருந்த, பவுண்டரியில் மோல்டராக இருக்கும் பழனிச்சாமி என்பவர் கட்டிலிலிருந்து எழுந்து நின்றவர், அப்படியே சரிந்தார். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. வாந்தி. நெஞ்சு அடித்துக்கொள்வது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. டாக்டர் மேடையிலிருந்து ஓடி வந்தார். நிர்மலா கட்டிலுக்கு அடியிலிருந்த டம்ளரை எடுத்து மோந்து பார்த்தார்.

"என்ன குடுத்தீங்க ரங்கம்மா?"

பழனிச்சாமியின் மனைவி ரங்கம்மாள் முன்னால் வந்தாள். "அரிஷ்டமுங்க. சோறே எறங்கமாட்டீங்குதேன்னு, சத்துக்கு ரண்டு மூடி குடுத்துபோட்டனுங்க. மருந்துதானுங்களே அது!"

அரிஷ்டத்திலும் சாராயச் சத்து உண்டு என்பது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். இரண்டு மணி நேரம் டாக்டர் அவர் கையை விடவில்லை. ரங்கம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு, "எங்கள வெளிய அனுப்பிப்போடாதீங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். திட்டப் போகிறார்கள் என்று நானும் நினைத்தேன். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியாக இருந்தால் கூரை அதிர்ந்திருக்கும்.

ஒன்றரை மணிக்குப் பழனிச்சாமி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். நிர்மலா எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"தப்பு எங்களுதுங்க. பிராந்தி, சாராயம், கள்ளுன்னு எல்லாஞ் சொன்னோம். அரிஷ்டத்தச் சொல்லாம உட்டுட்டோம்." மணமக்கள் பெயர் எழுதும் கரும்பலகையில், அரிஷ்டம், இருமல் டானிக் என்று பெரிதாக எழுதினார். இனி ஒவ்வொரு முகாமிலும் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும் என்று டாக்டர் நோட்டில் குறித்துக்கொண்டார். தவறை ஒப்புக்கொண்டு, அந்த நிமிடமே திருத்திக்கொள்ளும் ஒரு வைத்திய இடத்தை நான் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தேன். மனசு நிறைந்துவிட்டது.

பிறகு ரங்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து நிர்மலா சொன்னார்: "பாசத்துல செய்யறதுதான் கண்ணு இங்க பாதிப் பேருக்குக் கேடு. அதுக்குத்தான் கூட இருக்கறவங்களுக்கும் இங்க வைத்தியம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன தையில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது சேகருக்குக் கை நடுங்கியது. நாலு பேர் பார்த்துவிடக் கூடாதே என்று ஒரு குவார்ட்டர் வாங்க நான்தான் பணம் கொடுத்தேன். ரங்கம்மாளாவது தெரியாமல் செய்தாள்.

நாலரை மணிக்கு விண்ணப்பம் வாங்கினேன். அடுத்த முகாம் ஆடிப்பெருக்குக்கு மறுநாள். "உடன் தங்குபவர்" என்ற இடத்தில் பேனா நின்றது. பதினாலு நாள் லீவு. தலைமையாசிரியரிடம் காரணம் சொல்ல வேண்டும், காமாலை என்று சொல்ல முடியாது. என் பெயரை எழுதினேன்.

ஐந்தேகாலுக்குத் திரும்புகிற பஸ். வம்புக்கென்றே அதே கண்டக்டர்.

"கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா அம்மணி?"

பஸ்ஸில் நல்ல கூட்டம். எல்லாருக்கும் காது இருந்தது.

"கல்யாணம் இல்லைங்க. என் தம்பி குடிக்கிறான். அடுத்த வாரம் அவனை இங்கே கூட்டிக்கிட்டு வரேன். நானும் கூடத் தங்கப் போறேன்."

அவர் சிரிக்கவில்லை. டிக்கெட்டைக் கிழித்து என் கையில் கொடுத்தார்.

"கூட்டியாங்க. ஸ்டாப் வரைக்கும் எதுக்குங்க? மண்டபத்து வாசல்லயே வண்டிய நிறுத்தித் தாரேன்."