ஏரிக்கரையில் ஒரு வெள்ளிக்கிழமை

துக்க வீட்டில் அழாத பெண்ணை ஊர் லேசில் மன்னிப்பதில்லை. லால்பேட்டை ஜொஹரா பீவியை இன்னும் மன்னிக்கவில்லை.

அவள் கணவர் ரஃபியுதீன் குவைத்தில் ஒரு மளிகைக் கடையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். மற்றபடி போனில் வரும் வெறும் குரல்தான். போன வருஷம் அங்கேயே நெஞ்சுவலி வந்து மௌத்தானார். அடக்கமும் அங்கேயே. ஜனாஸா தொழுகையை மகள் ஃபர்ஹானாவின் செல்போனில் பார்த்தார்கள். படம் நின்று நின்று ஓடியது. பார்த்து முடித்ததும் ஜொஹரா பீவி எழுந்துபோய் வந்தவர்களுக்கு டீ போட்டாள். "என்னா கல்நெஞ்சுடி இவளுக்கு" என்று ஒரு உறவுக்காரி அடுப்படிக்குக் கேட்கும்படியே சொன்னாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அழக்கூடாது என்று அவள் ஒன்றும் வைராக்கியம் பிடிக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். வீட்டில் என்ன மாறிப்போனது? அவர் படுக்கும் பக்கம் என்றைக்கும் காலியாகத்தான் கிடந்தது. அவர் சட்டைகள் எப்போதும் போல பீரோவில் மடித்தபடி இருந்தன. நாலு மாசம் பத்து நாள் வெளியே போகாமல் இத்தா இருக்கச் சொன்னார்கள், இருந்தாள். அதற்கு முன்பும் காரணமில்லாமல் வாசல் தாண்டாதவளுக்கு அதுவும் புதிதாக இல்லை. இத்தா முடிந்து, இனி வெளியே போகலாம் என்றார்கள். எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த மனுஷனோடு நாம் வாழ்ந்தோமா இல்லையா என்ற ஒரு கேள்வி மட்டும் மனசின் மூலையில் கிடந்தது. அதையும் எடுத்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

சர்க்கரை ஏறியது. சிதம்பரத்து டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். "மொட்டை மாடியில நடங்கம்மா, போதும்" என்றாள் ஃபர்ஹானா. மாடியில் நடந்த ஜொஹரா பீவியைக் கீழே இருந்து பார்த்தவள் இருசம்மாள். அடுத்த தெருக்காரி, சத்துணவுக்கூடத்தில் சமைத்து ரிட்டையர் ஆனவள். அவளுக்கு வாய் காது வரைக்கும்.

"ஏன் பீவி, செக்குமாடு மாதிரி சுத்துற? பஸ்ஸ சர்க்கார் சும்மா வுட்டிருக்கான், கால ஆண்டவன் சும்மா குடுத்திருக்கான். கெளம்பு!"

அப்படி ஆரம்பித்தது. பெண்களுக்குக் காசில்லாத டவுன் பஸ் எங்கெல்லாம் போகிறதோ, அங்கெல்லாம் போவது. ஒரு நிறுத்தத்தில் இறங்கி, வயல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் நடந்து, வேறொரு நிறுத்தத்தில் ஏறுவது. போன வழியே திரும்பக் கூடாது என்பது இருசம்மாளின் சட்டம். இந்தப் பக்கம் ஏறுவதற்கு மலை கிடையாது. ஆனால் கம்மாபுரத்துப் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண் மலையாக நிற்கிறது. இருசம்மாள் பிறந்த ஊர் அது. "இது எங்க ஊட்டு மலை, நல்லா பாத்துக்க" என்று தூரத்தில் நின்று பெருமையாகக் காட்டினாள். கிள்ளைக் கடலோரத்துச் சேற்றில் கால் வைத்து ஜொஹரா பீவி நண்டிடம் கடி வாங்கினாள். சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றுக் கரையோடு நடந்து, பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்த பஸ்ஸுக்காக வேப்பமரத்தடியில் தூங்கியே போனார்கள். எழுப்பிவிட்டவர் கண்டக்டர்.

சந்தோஷமாக இருந்தாளா என்று கேட்டால், இல்லை. நடந்தாள், பார்த்தாள், வந்து படுத்தாள். கால் வலித்தது. வலிப்பது தெரிந்தது. அதுவரைக்கும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் சேத்தியாத்தோப்பு டீக்கடையில் இருசம்மாள் சொன்னாள்: "வர்ற வெள்ளிக்கெழம வீராணம் ஏரிக்கரையில நடந்துடுவோம். சனிக்கெழமயிலேர்ந்து கரையில வேலையாம், லாரி ஓடுமாம். அப்பறம் எப்ப வுடுவானுவளோ."

"வெள்ளிக்கெழம முடியாது இருசு. அவரு போன் பண்ணுவாரு. எடுக்கலன்னா பயந்துக்குவாரு."

சொல்லிவிட்டு ஜொஹரா பீவி டீயை ஊதிக் குடித்தாள். வாயை மூடவே தெரியாத இருசம்மாள் வாயை மூடிக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். அதைப் பார்த்த பிறகுதான், தான் சொன்னது என்னவென்று ஜொஹரா பீவிக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை என்றால் போன். அங்கே மதியம் ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் கூப்பிடும்போது இங்கே பிற்பகல் அஸருக்குப் பாங்கு சொல்லும். செல்போன் மலிந்து, தினம் மூஞ்சி பார்த்தே பேசலாம் என்ற காலம் வந்தும் அவர் மாறவில்லை. "தெனம் பேச என்னா இருக்கு?" என்பார். அவர் போன பிறகும் வெள்ளிக்கிழமை அந்நேரத்துக்குப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்வது அவளுக்கு நிற்கவில்லை. ஏன் உட்கார்கிறோம் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொண்டதும் இல்லை.

அப்போதும் அழுகை வரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. புருஷன் செத்தது கூட ஞாபகமில்லாதவள்! ஊர் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்தாள். "வெள்ளிக்கெழமயே போவலாம்" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஜொஹரா பீவி மதியம் லுஹர் தொழுது முடித்ததும் இருவரும் பஸ் ஏறி, ஏரிக்கரையை ஒட்டிய கந்தகுமாரனில் இறங்கி நடந்தார்கள். ஒரு பக்கம் ஏரி கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். மறுபக்கம் பள்ளத்தில் வயல். பட்டுப்போன மரத்தில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. "துணி காயப்போட்ட மாரி இருக்கு" என்றாள் இருசம்மாள். ஜொஹரா பீவி தலையாட்டினாள். காற்று முக்காட்டை இழுத்துக்கொண்டே இருந்தது.

தூரத்தில் எந்த ஊர்ப் பள்ளிவாசலிலிருந்தோ அஸர் பாங்கு கேட்டது. அவள் கால்கள் தானாக நின்றன. மதகுச் சுவரில் உட்கார்ந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பையிலிருந்து போனை எடுத்து மடியில் வைத்தாள். இருசம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பாங்கு முடிந்தது. போன் சும்மா கிடந்தது.

"சலாம் சொல்லிட்டு, என்னா சேதிம்பாரு இருசு. ஒண்ணுமில்ல, எல்லாரும் நல்லாருக்கோம்பேன். அவ்ளோதான். வச்சுடுவாரு. முப்பது வருஷமும் அதேதான். நான் ஒண்ணும் மறைக்கல. ஊட்டுக்குள்ளயே இருக்கறவளுக்கு என்னா சேதி இருக்கும்?"

நீர்க்காகங்களைப் பார்த்தபடியே ஜொஹரா பீவி தொடர்ந்தாள்.

"இப்ப இருக்கு. ஒங்க ஊட்டு மலைய சொல்லணும். நண்டு கடிச்சத சொல்லணும். மரத்தடில தூங்குனத சொன்னா சிரிச்சிருப்பாரு. இந்தக் காக்காவ சொல்லணும். இவ்ளோ சேதி சேந்து கெடக்கு, இப்ப பாத்து கேக்க மாட்டேங்கறாரே..."

அழுதாள். செல்போனில் ஜனாஸாவைப் பார்த்த அன்று வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. அவர் இல்லை. லீவு கிடைக்காததால் அல்ல, இனிமேல் வரவே மாட்டார். அது அவளுக்கு அந்த மதகில்தான் தெரிந்தது. சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்று பார்த்தார். "ஒண்ணுமில்லண்ணே, நீங்க போங்க" என்று இருசம்மாள் அவரை அனுப்பிவைத்தாள். அழாதே என்று மட்டும் அவள் சொல்லவே இல்லை.

அழுகை ஓய்ந்த பிறகு இருசம்மாள் முந்தானையைக் கொடுத்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமிருக்கு. எல்லாத்துக்கும் கூட இருந்தவ நாந்தான். இருந்தாலும் கேக்கறேன். என்னா சேதி, பீவி?"

ஒண்ணுமில்ல என்றுதான் முதலில் வாயில் வந்தது. ஜொஹரா பீவி அதை விழுங்கிவிட்டு, கம்மாபுரத்து மண்மலையிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.