கட்டுக்கு வராத பிள்ளைகள்

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் மாவுக்கட்டு என்றுதான் சொல்வார்கள். கை கால் முறிந்து வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுவதும், எலும்பு கூடியதும் சின்ன ரம்பத்தால் அதை அறுத்து எடுப்பதும் அவர் வேலை. மாடிப்படிக்குக் கீழே அவருடைய அறை. ஒரு கட்டில், ஒரு தண்ணீர்த் தொட்டி, காய்ந்த மாவு அப்பிய தரை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் வெள்ளை போகாது. "ஊருக்கெல்லாம் மாவு குழைக்கிறீங்க, வீட்ல ஒரு நாள் பிசைஞ்சா கொறைஞ்சா போயிடுவீங்க?" என்று கல்யாணமான புதிதில் மனைவி கேட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே பழகியவள்.

பிள்ளைகளுக்குக் கட்டுப் போடும்போது அவர் ஒரு வழி வைத்திருந்தார். "கைய மட்டும் ஆட்டாத. கத்தணும்னா கத்து. என்னைத் திட்டணும்னா திட்டு. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்," என்பார். பிள்ளைகள் முதலில் முழிக்கும். பிறகு எருமை, பூசணிக்காய், குரங்கு மூஞ்சி என்று தொடங்கிவிடும். அவர் ஒவ்வொன்றுக்கும் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே வேலையை முடித்துவிடுவார். "இன்னைக்கு அர்ச்சனை பலமோ அண்ணே?" என்று நர்ஸ்கள் கேலி செய்வார்கள்.

அவருக்கு ஒரே மகள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. சமையலறையிலிருந்து கூடத்துக்கு அவள் நடந்து வந்து யாரும் பார்த்ததில்லை, கரணமடித்துத்தான் வருவாள். கட்டில் கம்பியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வாய்ப்பாடு சொல்வாள். "இதை எங்கயாவது ஜிம்னாஸ்டிக்ஸ்ல சேத்து விடுங்க. இல்லன்னா வீட்ல ஒரு தட்டு மிஞ்சாது," என்றாள் மனைவி.

ஊரில் இரண்டு கிளப்புகள் இருந்தன. மூன்று பேரும் இரண்டையும் போய்ப் பார்த்தார்கள்.

நீச்சல் குளத்தை ஒட்டியது முதல் கிளப். பருத்த அம்மாள் ஒருத்தி நடத்தினாள். உள்ளே ஒரே இரைச்சல். மெத்தையில் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து சிரித்தன பிள்ளைகள். மூக்கு ஒழுக அழுத ஒருத்தியை அந்த அம்மாள் மடியில் போட்டுக்கொண்டே, மற்றதுகளை அதட்டினாள். பெஞ்சில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி அவரைப் பார்த்ததும், "மாமா, இது நீங்க போட்டதுதான்," என்று கையைத் தூக்கிக் காட்டினாள். அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் பழைய கிடங்கில் இருந்தது அடுத்தது. பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். எல்லோர் மணிக்கட்டிலும் வெள்ளைத் துணிப் பட்டை. மாஸ்டரின் குரலைத் தவிர வேறு சத்தமில்லை. ஒவ்வொரு பிள்ளையும் குதித்து இறங்கியதும் இரண்டு கையையும் உயர்த்திச் சிரித்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் முடிவைச் சொல்லிவிட்டார்.

"கிடங்குதான். குளத்து கிளப்லேருந்து மாசம் தவறாம ஒண்ணு ரெண்டு என்கிட்ட வந்துடுது. இங்கேருந்து இத்தனை வருஷத்துல ஒரு புள்ள வந்ததில்ல. ஒண்ணுகூட வந்ததில்ல."

"அங்க ஒண்ணுகூட வாயத் திறக்கலயே. எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சுங்க."

"பேசறதுக்கா அனுப்புறோம்?"

"சரி. எலும்பு விஷயத்துல உங்ககிட்ட நான் என்னத்தப் பேச," என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தான் கண்டுபிடித்த கணக்கில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஆஸ்பத்திரியில் யார் கேட்டாலும் அதையே சொன்னார். கட்டுப் போடுகிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, லிஃப்ட் இயக்கும் பெண்ணும் தன் மகளை அங்கேயே கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

ஒரு வருஷத்தில் வாலு பதக்கம் வாங்கினாள். வீட்டில் கரணம் நின்றது. பாத்திரங்கள் பிழைத்தன. கூப்பிட்டால் நடந்து வந்தாள். "வாலுக்கு வால் அறுந்து போச்சு," என்று மனைவி சிரித்தாள். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தவள் எழுந்தாள். உள்ளங்கையை ஊன்றவில்லை. முழங்கையை ஊன்றிப் புரண்டு எழுந்தாள். இடுப்பு உடைந்த கிழவர்கள் கட்டிலிலிருந்து எழுவது போல இருந்தது.

"ஏம்மா, கைய ஊன்ற மாட்டியா?"

"சும்மாப்பா."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மணிக்கட்டில் இருந்த துணிப் பட்டையைப் பிரித்தார். பெருவிரல் பக்கம் மணிக்கட்டு தடித்திருந்தது. எலும்பின் முனையில் விரல் வைத்து அழுத்தினார். அவள் சிரித்தாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். மேலுதட்டில் வியர்வை துளிர்த்தது, சிரிப்பு அகலமாயிற்று. அந்த இடத்தில் விரல் பட்டால் பெரிய மனிதர்களே அலறுவதை அவர் தினமும் கேட்கிறவர்.

அவர் கையை எடுத்துவிட்டார்.

"யாரு கண்ணு இப்படிச் சிரிக்கச் சொன்னாங்க?"

"வலிச்சா சிரிக்கணும்ப்பா. அழுதா பெஞ்சுல உக்கார வெச்சுடுவாங்க."

"என்கிட்ட சொல்லலாம்ல?"

"நீங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவீங்க. போனா அப்புறம் சேத்துக்க மாட்டாங்க. அதான் யாருமே போறதில்ல."

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இது ஒரு நாள் விழுந்து வந்ததில்லை, எலும்பு வளருகிற முனை மாதக்கணக்காக நசுங்கியிருக்கிறது என்றார். "அந்த எலும்பு இனி சரியா வளருமான்னு சொல்ல முடியாது. கை கொஞ்சம் கோணலாத்தான் நிக்கும். இந்தக் கை மேல உடம்பைத் தாங்குற வேலை இனிமே வேண்டாம்." வாலு அவருக்கும் தலையாட்டிச் சிரித்தாள்.

கட்டை வேறு ஆள் போடட்டும் என்று டாக்டர் சொன்னார். அவர் கேட்கவில்லை. தானே மாவைக் குழைத்தார். வாயில் பழக்கமான வார்த்தைகள் தாமாக வந்தன. "கைய மட்டும் ஆட்டாத. திட்டணும்னா திட்டு."

"உங்கள எதுக்குப்பா திட்டணும்? நீங்க ஒண்ணும் பண்ணலயே."

அன்று அந்த அறையிலிருந்து ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. வாசலில் நின்ற மனைவி, அன்றும் சரி பிறகும் சரி, பஸ்ஸில் பேசியதை எடுத்துச் சொல்லிக்காட்டவே இல்லை. ஒரு தடவை கத்தித் தீர்த்தாளானால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

சாயங்காலம் கிடங்குக்குப் போனார். மாஸ்டர் மரியாதையாக நாற்காலி எடுத்துப் போட்டார்.

"ஒரு நாளாவது வலிக்குதுன்னு அவ என்கிட்ட சொன்னதில்ல சார். உங்ககிட்ட சொன்னாளா?"

மாஸ்டருக்குப் பின்னால் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் குதித்து இறங்கிக் கையை உயர்த்திக்கொண்டிருந்தன. நாற்காலியில் உட்காராமலே திரும்பி வந்தார்.

மறுநாள் காலை, மாடியில் வேலை எதுவும் இல்லாமலே லிஃப்டில் ஏறினார். உள்ளே அந்தப் பெண்ணைத் தவிர யாரும் இல்லை. அவள் முந்திக்கொண்டாள்.

"கேள்விப்பட்டேண்ணே. மனசே ஆறல. எப்படித்தான் நீங்க கவனிக்காம விட்டீங்க?"

"உன் பொண்ணை இன்னைக்குக் கூட்டிட்டு வாம்மா. கைய ஒரு தடவை பாத்துடறேன்."

"எதுக்குண்ணே? அவளுக்கு ஒண்ணுமில்ல. முந்தியெல்லாம் தொட்டதுக்கெல்லாம் சிணுங்குவா. இப்ப எதுக்கும் அழுறதே இல்ல. எப்பப் பாத்தாலும் சிரிச்ச முகம்தான்."

மாடி வந்துவிட்டது. கதவு திறந்தது. அவர் இறங்கவில்லை.

"அதனாலதாம்மா சொல்றேன்," என்றார். "கூட்டிட்டு வா."