குடல்வால் என்று சொன்னார்கள்

கலியபெருமாள் மாஸ்டர் போய்விட்டார் என்ற செய்தி, காலை வழிபாட்டுக்கு மணி அடிக்கும் நேரத்தில் எங்கள் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மாரடைப்பு என்று போட்டிருந்தார்கள். போட்டவர்மேல் எனக்குக் கோபமில்லை, குடும்பத்தார் சொன்னதைப் போட்டார். ஆனால் அது பொய். கடலூரில் எங்களோடு இத்தனை காலம் வேலை பார்த்த அந்த உடற்கல்வி ஆசிரியர் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார். அவரை அறிந்த உங்களுக்கு அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ரகசியம் பேசவே தெரியாத மனிதர். யாருக்கோ மாறுதல் வந்திருக்கிறது என்று காதோடு சொன்னால், "அப்படியா சார்!" என்று அவர் கேட்பது மாடி வகுப்புவரை கேட்கும். அவரிடம் எதையாவது சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான் என்று கேலி செய்வோம். அந்தக் குணம்தான் அவருக்கு எமனாக வந்தது.

கீரப்பாளையத்தில் விவசாயம் பார்க்கும் அவருடைய அண்ணனுக்குச் சிதம்பரத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. மாஸ்டர் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். குடல்வால் என்று சொன்னார்கள், நம்பினார். உண்மையில் எடுத்தது புற்றுக்கட்டி. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சிறு துளைகள் வழியாகவே எடுத்துவிட்டார்கள். ஆரம்ப நிலை என்பதால் அண்ணன் பிழைத்துக்கொண்டார். உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் உரிய வயதில் ஸ்கோப் வைத்துக் குடலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் அண்ணனின் மூத்த பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். கேன்சர் வந்த வீடு என்று தெரிந்தால் யார் பெண் எடுப்பார்கள்? தம்பிக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும் என்று அவரிடமும் மறைத்தார்கள்.

அந்தக் கல்யாணத்தை ஓடியாடி நடத்தியவர் மாஸ்டர்தான். நாங்களெல்லாம் வேன் பிடித்துப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் இளையவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

பிறகு மாஸ்டருக்கு மலத்தில் ரத்தம் போனது. "வெயில்ல நிக்கிறது ஜாஸ்தி சார், மூலச்சூடு" என்று மோரில் வெந்தயம் போட்டுக் குடித்தார். மைதானத்தை ஒரு சுற்று சுற்றினாலே மூச்சு வாங்கத் தொடங்கியபோது டாக்டரிடம் போனார். ரத்தம் மிகவும் குறைந்திருந்தது. ஸ்கோப் பார்த்துவிடலாம் என்ற டாக்டர், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்று இருந்ததா என்று கேட்டிருக்கிறார். "எங்க வம்சத்துலயே கெடையாது சார்" என்று இவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். விளையாட்டு விழா முடியட்டும் என்று ஸ்கோப்பையும் தள்ளிப்போட்டார். பார்த்தபோது ஈரல்வரை பரவியிருந்தது. கட்டியின் மரபணுவைப் பார்த்து மருந்து கொடுக்கிற காலம் இது. அந்த மருந்தும் கொடுத்தார்கள். கொஞ்ச காலம்தான் கேட்டது.

பார்க்க வந்த அண்ணன் கட்டிலருகே நின்று, "எனக்கும் அதுதாண்டா தம்பி" என்று அழுதபோது நானும் அங்கே இருந்தேன். மாஸ்டர், "பொண்ணுங்ககிட்டயாவது சொல்லிடு" என்றார். அண்ணன் தலையாட்டினார். அவர் போன பிறகு மாஸ்டர் என்னிடம் சொன்னார்: "அண்ணன் பொழைச்சதுல சந்தோஷந்தான் சார். சொல்லாம வுட்டாங்க பாருங்க, அதுதான் ஆற மாட்டேங்குது."

அதன் பிறகு உடம்பு ஒத்துழைத்த நாளெல்லாம் பள்ளிக்கு வந்தார். ஆசிரியர் அறையில் சாப்பாட்டு நேரத்தில், முகம் சுளித்தவர்களையும் பொருட்படுத்தாமல் பேசினார். "ரத்தம் போனா மூலம்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக்கூட மலத்தை டெஸ்ட் பண்ணிக் கண்டுபிடிச்சிடுறாங்க. ஸ்கோப்புன்னா ஒருநாள் பேதி மருந்து குடிக்கணும், அவ்ளோதான். உள்ள மரு மாதிரி இருந்தா அப்பவே எடுத்துடுவாங்க, புத்தா மாறவே வுட மாட்டாங்க." அவர் மகனுக்கு அப்படி ஒன்றை எடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் மட்டும் மாஸ்டர் பழையபடி சிரித்தார்.

கருமகாரியத்தன்று கீரப்பாளையத்து வீட்டுப் பந்தலில் எல்லோரும் மாரடைப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். திட்டக்குடியில் வாழ்க்கைப்பட்ட மூத்த பெண் என்னிடம் வந்தாள். "சித்தப்பாவுக்கு வயித்துப்புண்ணுன்னுதானே சொன்னாங்க, நெஞ்சுவலியும் இருந்துச்சா சார்? எங்ககிட்ட சொல்லவே இல்லியே?" என்று கேட்டாள். அவளுக்கு ஒன்றுமே தெரியாது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தலையாட்டிய மனிதர் தலையாட்டியதோடு சரி.

சொல்லத் தொடங்கினேன். அவளுடைய அம்மா ஓடிவந்து, "மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வந்திருக்காங்க சார், மெதுவா பேசுங்க" என்றார்.

கலியபெருமாளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, மெதுவாகப் பேசாமல் இருப்பதுதான். சித்தப்பாவுக்கு என்ன நோய், அவளுடைய அப்பாவுக்கு எதை எடுத்தார்கள், அவளும் தங்கையும் என்ன செய்ய வேண்டும், எல்லாவற்றையும் அங்கிருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். அந்தப் பெண் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை. அவள் உள்ளே திரும்பித் தங்கையைக் கூப்பிட்டாள்.

"நீயும் வாடி. வந்து கேளு."